பாப்பா என்ன கலர்?



இன்று ஜூன் 12. நம் பாடப்புத்தகத்தில் இந்தத் தேதி வராது. நானும் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன், ஒரு நாள்கூட வகுப்பில் இதைச் சொன்னதில்லை. இன்று சொல்லப் போகிறேன். பதிவு நீளமாக இருக்கும். மணி அடித்துவிட்டது என்று யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

முதலில் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவள் கணவர் அங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். மூத்தவன் பையன், நாலு வயது. அப்பா நிறம், அப்பா முடி. போன மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஐம்பது அறுபது வாழ்த்து வந்தது. நடுவில் ஒரு வாழ்த்து இப்படி இருந்தது: "பாப்பா நல்ல கலர். அண்ணன் மாதிரி இல்லாம தப்பிச்சுது." அதற்குப் பதினோரு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

எழுதியவர் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் அவளுக்குக் குங்குமப்பூ டப்பா அனுப்பிவைத்ததும் அவர்தான். அன்று ராத்திரி தங்கை மகள் எனக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, நான் இந்த குரூப்பை விட்டு வெளிய போயிடட்டுமா?" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "போன டிசம்பர்ல அங்க வந்துட்டுத் திரும்பும்போது, ஏர்போர்ட்ல ஒரு அம்மா இவன்கிட்ட பேர் என்னன்னு கேட்டாங்க. இவன் 'கருப்பா'ன்னு சொன்னான் பெரியம்மா. அங்க எல்லாரும் அவனை அப்படித்தானே கூப்பிட்டீங்க."

கூப்பிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன், கொஞ்சலாக.

ஆகவே இந்தப் பதிவு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. ஏற்றினால் முதல் ஆளாக நான்தான் ஏற வேண்டும். ஒரு குழந்தை பிறந்ததும் அது என்ன நிறம் என்று பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் எங்கெல்லாம் சட்டமாகவே இருந்தது, அது குடும்பங்களை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே யோசியுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா என்று ஒரு மாநிலம். 1924-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். இனத் தூய்மையைக் காப்பாற்றும் சட்டம் என்று பெயர். வெள்ளையர் வெள்ளையரைத்தான் மணக்க வேண்டும். ஒரு சொட்டு கறுப்பு ரத்தம் இருந்தாலும் அவர் வெள்ளையர் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அந்த மாநிலத்துப் பெரிய குடும்பங்கள் பல, தாங்கள் போகஹோண்டாஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவை. சட்டப்படி பார்த்தால் அவர்களும் வெள்ளையர் பட்டியலிலிருந்து கீழே விழுந்துவிடுவார்கள்! அதற்காகப் பூர்வகுடி ரத்தம் பதினாறில் ஒரு பங்கு வரை இருந்தால் பரவாயில்லை என்று ஒரு விலக்கு சேர்த்தார்கள். பெரிய வீட்டுக்கு ஒரு கணக்கு, சின்ன வீட்டுக்கு ஒரு கணக்கு. நமக்கொன்றும் புதிதில்லை.

இந்தச் சட்டத்தை நடத்தியவர் வால்டர் பிளெக்கர் என்ற பதிவாளர். 1912 முதல் 1946 வரை அந்த மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகள் அவர் கையில். படித்த மருத்துவர். பழைய ஆவணங்களைப் புரட்டி, யாருடைய பாட்டன் பூட்டன் கறுப்பர் என்று கண்டுபிடித்து, பிறப்புச் சான்றிதழில் திருத்துவது அவருக்கு வேலையாக இருந்தது. குழந்தையை வெள்ளை என்று பதிவு செய்த தாய்க்கும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும் எச்சரிக்கைக் கடிதம் எழுதுவார். பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வருகிறது: உன் குழந்தை வெள்ளை இல்லை, அப்படிச் சொல்லி வளர்க்காதே என்று. இதைப் படித்த அன்று எனக்கு நம் குரூப் வாழ்த்து ஞாபகம் வந்தது. நாம் பாராட்டாக எழுதினோம், அவர் எச்சரிக்கையாக எழுதினார். இரண்டு பேரும் முதலில் பார்த்தது ஒன்றைத்தான்.

அதே வர்ஜீனியாவில் சென்ட்ரல் பாயின்ட் என்ற கிராமத்தில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்கார இளைஞர். கொத்தனார் வேலை. அதே ஊர்ப் பெண் மில்ட்ரெட் ஜீட்டர், கறுப்பின, பூர்வகுடி வழிவந்தவர். இருவரும் விரும்பினார்கள். சொந்த மாநிலத்தில் மணக்க முடியாது என்பதால் 1958 ஜூன் 2-ம் தேதி வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 11 அதிகாலை, இருட்டு நேரத்தில் ஷெரிஃப் ஆட்களோடு படுக்கையறைக்குள் வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள். இங்கே அது செல்லாது என்று சொல்லி இருவரையும் கைது செய்தார்.

1959 ஜனவரியில் தீர்ப்பு. ஒரு வருஷம் சிறை. மாநிலத்தை விட்டு வெளியேறி, 25 வருஷத்துக்கு இருவரும் சேர்ந்து திரும்பி வராமல் இருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும். கடவுளே இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், கலக்கக் கூடாது என்பது அவர் எண்ணம் என்று அதே நீதிபதி பின்னால் 1965-ல் காரணம் எழுதினார். அப்படியானால் ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்டார்களா தெரியாது. என் வகுப்பாக இருந்தால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கண்டிப்பாகக் கேட்டிருப்பான்.

அவர்கள் வாஷிங்டனுக்குப் போனார்கள். மூன்று பிள்ளைகள். வயலும் தோப்புமாக வாழ்ந்த மில்ட்ரெடுக்கு நகரத்தில் மூச்சு முட்டியது. சொந்த பந்தத்தைப் பார்க்கக்கூடக் கணவன் மனைவி சேர்ந்து ஊருக்குப் போக முடியாது. அப்போது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ராபர்ட் கென்னடிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கென்னடி அலுவலகம் ஒரு சிவில் உரிமை அமைப்பிடம் போகச் சொன்னது. இரண்டு இளம் வழக்கறிஞர்கள் வழக்கை எடுத்தார்கள். 1967 ஜூன் 12-ம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இனத்தைக் காரணம் காட்டித் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்றார்கள். அன்று வரை 16 மாநிலங்களில் அந்தத் தடை இருந்தது.

ரிச்சர்ட் லவிங் தீர்ப்பைக் கேட்க நீதிமன்றத்துக்கே போகவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். தன் மனைவியை நேசிப்பதாகவும், அவளோடு சொந்த ஊரில் வாழ முடியாதது நியாயமில்லை என்றும் நீதிமன்றத்தில் சொல்லச் சொல்லி வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு ஊர் திரும்பித் தன் கையாலேயே வீடு கட்டினார். எட்டு வருஷம் கழித்து, 1975-ல், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் மோதி இறந்துபோனார். மில்ட்ரெட் 2008 வரை அதே வீட்டில் இருந்தார்.

செல்லாது என்று தீர்ப்பு வந்த பிறகும் அலபாமா மாநிலத்தின் அரசமைப்பில் அந்த வரி அப்படியே கிடந்தது. 2000-ம் ஆண்டில்தான் ஓட்டெடுப்பு நடத்தி நீக்கினார்கள். அப்போதும் சுமார் 40 சதவீதம் பேர் அது இருக்கட்டும் என்றே ஓட்டுப் போட்டார்கள். நீதிமன்றத்தில் ஒரு நாளில் போனது மனசிலிருந்து போக எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்.

இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். நான் சொல்ல நினைத்த முக்கியமான கதை அங்கேதான் இருக்கிறது.

1950-ல் அங்கே மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவரும் வெள்ளையர், கலப்பினத்தவர், கறுப்பர் என்று ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதப்பட்டார்கள். நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்களின் பிள்ளைகள் இந்தியர் என்ற பிரிவில் வந்தார்கள். எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்த பெஞ்ச், எந்த வேலை, யாரோடு கல்யாணம் எல்லாவற்றையும் அந்தக் கட்டம்தான் முடிவு செய்யும். சந்தேகம் வந்தால் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? தலைமுடியில் பென்சிலைச் செருகுவார்கள். பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளை, சிக்கி நின்றால் வெள்ளை இல்லை. நாம் கணக்குப் போடுகிற பென்சில். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியை வெவ்வேறு கட்டத்தில் எழுதிய வீடுகள் உண்டு.

பீட் ரெட்டீஃப் என்ற சின்ன ஊர்ப் பக்கம் ஆபிரகாம் லாயிங், சானி லாயிங் என்று ஒரு தம்பதி. கடை வைத்திருந்தார்கள். இருவரும் வெள்ளையர், நிறவெறிக் கட்சியின் ஆதரவாளர்களும்கூட. 1955 நவம்பரில் சாண்ட்ரா என்ற பெண் பிறந்தாள். அவள் நிறம் அடர்த்தியாகவும், முடி சுருட்டையாகவும் இருந்தது. பெற்றவர்களுக்கு அவள் மகள். அவ்வளவுதான். வளர்த்தார்கள். வெள்ளையர் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள்.

அங்கேதான் ஆரம்பித்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள், அது எந்த ஊரிலும் நடக்கும். பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள். ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1966-ல், பத்து வயதில், அரசாங்கம் அவளைக் கலப்பினத்தவர் என்று மாற்றி எழுதியது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பள்ளியிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போய் விட்டார்கள். அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று அந்தக் குழந்தை என்னவெல்லாம் யோசித்திருக்கும்!

அப்பா விடவில்லை. நீதிமன்றம் போனார். ரத்தப் பரிசோதனைக்கும் ஒப்புக்கொண்டார். அவர் அவளுடைய அப்பாவாக இருப்பதற்கு அதில் எந்தத் தடையும் தெரியவில்லை. ஆனாலும் ஊர் நம்பவில்லை. ஒரு தாயைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம். 1967-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர் இருவரும் வெள்ளையர் என்று பதிவாகியிருந்தால் பிள்ளையும் வெள்ளையர்தான் என்று. சாண்ட்ரா மறுபடியும் வெள்ளை. தாளில் மட்டும். ஊரில் எந்த வெள்ளைக்காரக் குழந்தையும் அவளோடு விளையாட வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகள்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

பதின்ம வயதிலேயே பெட்ரஸ் ஸ்வானே என்ற கறுப்பின ஆணோடு எல்லை தாண்டி சுவாசிலாந்துக்குப் போனாள். அனுமதியில்லாமல் எல்லை கடந்ததற்குச் சிறையில் போட்டார்கள். இப்போது கவனியுங்கள். மகள் வெள்ளைதான் என்று நாட்டையே எதிர்த்து வழக்காடிய அதே அப்பா, அவள் கறுப்பரோடு போனதும் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். சாகும் வரை பேசவில்லை. அவர் போராடியது மகளுக்காகவா, மகளுடைய நிறத்துக்காகவா? நான் பல நாள் யோசித்துவிட்டேன். இரண்டுக்கும்தான் என்று தோன்றுகிறது. பாசம் இருந்தது. அந்தப் பாசத்துக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது.

அடுத்து இன்னொரு கூத்து. சாண்ட்ராவுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். பதிவேட்டில் அவள் வெள்ளை, பிள்ளைகள் வெள்ளை இல்லை. ஒரே வீட்டில் இருக்க முடியாது. பெற்ற பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக, என்னைக் கலப்பினத்தவர் என்று மாற்றி எழுதுங்கள் என்று அவள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. சின்ன வயதில் எந்த வார்த்தையால் பள்ளியை விட்டுத் துரத்தப்பட்டாளோ, அதே வார்த்தையைக் கேட்டு அரசாங்க வாசலில் நின்றாள்.

அந்தப் பதிவுச் சட்டம் 1991-ல்தான் ஒழிந்தது. 2000-ம் ஆண்டில், ஒரு செய்தித்தாளின் உதவியோடு, முதியோர் இல்லத்தில் இருந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தாள் சாண்ட்ரா. கிட்டத்தட்ட முப்பது வருஷப் பிரிவு. அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் கடைசி வரை அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டம் போய்விட்டது, ஜனாதிபதி மண்டேலா வந்துவிட்டார், தேர்தல் நடந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

வெள்ளைப் பெற்றோருக்கு எப்படி இப்படி ஒரு குழந்தை என்று கேட்பீர்கள். நிறத்தை ஒரு மரபணு முடிவு செய்வதில்லை, பல சேர்ந்து முடிவு செய்கின்றன. எப்போதோ ஒரு முன்னோரிடமிருந்து வந்தது தலைமுறைகள் தாண்டி ஒரு குழந்தையில் கூடித் தெரியலாம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் எது எது வருகிறது என்பதைப் பொறுத்துக் கூடப் பிறந்தவர்களே ஆளுக்கொரு நிறமாக இருப்பார்கள். என் வீட்டில் நான் கறுப்பு, தங்கை மாநிறம்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர்களுக்கு அப்படி ஒரு முன்னோர் எங்கிருந்து வந்தார்? இது நமக்கும் வேண்டிய வரலாறு. 1652-ல் டச்சுக்காரர்கள் நன்னம்பிக்கை முனையில் குடியேறினார்கள். வேலைக்கு அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து? மடகாஸ்கரிலிருந்து, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, இலங்கையிலிருந்து, வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும். நம் நாகப்பட்டினமே அப்போது டச்சுக்காரர் கையில்தான். அப்படிப் போனவர்களில் சில பெண்கள் விடுதலை பெற்று டச்சுக்காரர்களை மணந்தார்கள். அன்சேலா என்ற வங்காளப் பெண் 1669-ல் ஒரு ஐரோப்பியரை மணந்தார். இன்றைய வெள்ளைக் குடும்பங்கள் பல அவர் வழி வந்தவை. முந்நூறு வருஷம் கழித்து அதே வெள்ளைக்காரர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எந்த ஊர்ப் பாட்டியின் முடியில் பென்சிலைச் செருகுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு சின்னச் செய்தி. ட்ரெவர் நோவா என்ற நகைச்சுவைக் கலைஞரை உங்கள் பிள்ளைகள் யூடியூபில் பார்த்திருப்பார்கள். 1984-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா கறுப்பினம், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். அந்த உறவே அன்று குற்றம் என்பதால், பிறப்பே குற்றம் என்ற பொருளில் தன் வரலாற்று நூலுக்குத் தலைப்பு வைத்தார். அதில் தன் பாட்டியைப் பற்றி ஒன்று சொல்கிறார். வீட்டில் எல்லாப் பேரப்பிள்ளைகளும் குறும்பு செய்தால் அடி விழும். இவருக்கு மட்டும் விழாது. வெளுத்த நிறப் பிள்ளையை அடிக்கப் பாட்டிக்குக் கை வராது. தனக்கு அது வசதியாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நான் அந்த இடத்தில் அடி வாங்கிய மற்றப் பிள்ளைகளை நினைத்தேன். அந்த வீட்டுக்குள் வந்து எந்த அதிகாரியும் பென்சில் வைத்துப் பார்க்கவில்லை. பாட்டியே பார்த்துக்கொண்டார்.

இனி நம் கதை.

எனக்கு இருபத்து மூன்று வயதில் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், "பொண்ணு கலர் கம்மி" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவரை எல்லோருக்கும் தெரியும், போன வருஷம் வரை என்னோடு இருந்தார். அந்த இரண்டு தடவையும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே நிறத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 1984-ம் ஆண்டு பள்ளி ஆண்டுவிழாவில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். 1780-ல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைப் பற்றி நானே நாடகம் எழுதினேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வசனம் முழுவதும் இரண்டே நாளில் மனப்பாடம். அவள் குரல் எடுத்தால் பின்வரிசை வரை கேட்கும். அவளுக்குத்தான் ராணி வேஷம் என்று வகுப்பே நினைத்தது. நான் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் சிவப்பாக இருந்தாள், வேறு காரணம் எதுவும் இல்லை. ராணி என்றால் ராணி மாதிரி இருக்க வேண்டாமா என்று ஆசிரியர் அறையில் சொன்னதும் நான்தான். அந்தக் கறுத்த பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, ராணி வசனம் மறந்தால் எடுத்துக் கொடு என்றேன். நிறைய மறந்தாள். இவள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வேலு நாச்சியார் என்ன நிறம் என்று நமக்குப் புகைப்படமா இருக்கிறது? சிவகங்கை வெயிலில் குதிரையேறிப் போன பெண் எப்படி இருந்திருப்பார் என்று வரலாற்று ஆசிரியையான எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் அதற்குப் பிறகு என் வகுப்பில் கை தூக்கவில்லை. அடுத்த வருஷம் படிப்பை நிறுத்தவில்லை, கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். இந்தப் பக்கத்தில் என் பதிவுகளைப் படிக்கிறாள் என்றும் தெரியும். அம்மா, உன் பெயரைச் சொல்ல மாட்டேன். அன்று நான் செய்தது தப்பு. நாற்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். மன்னிக்க முடியாவிட்டாலும் அது நியாயம்தான்.

கறுத்த கல்லில் பெருமாளைச் செதுக்கிக் கும்பிடுகிறோம், கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம், நமக்கு நிற வேற்றுமை கிடையாது என்று சிலர் கமெண்டில் எழுதுவீர்கள். கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள். கும்பிடும்போது இல்லாத பேதம் பெண் எடுக்கும்போது வந்துவிடுகிறது.

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கிற நமக்கு துளசேந்திரபுரம் தூரமில்லை. கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயித்தபோது அங்கே கோலம் போட்டு, பட்டாசு வெடித்து, கோயிலில் பூஜை செய்தார்கள். நானும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருடைய தாத்தா பி.வி.கோபாலன் அந்த ஊர்க்காரர். அம்மா சியாமளா 19 வயதில், 1958-ல், தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனார். லவிங் தம்பதியைப் படுக்கையறையில் கைது செய்த அதே வருஷம். 1963-ல் ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தார். கலிபோர்னியாவில் கலப்புத் திருமணத் தடையை 1948-லேயே நீதிமன்றம் நீக்கியிருந்தது. அதே தம்பதி அன்று வர்ஜீனியாவில் குடியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னாளில் மணமுறிவு ஆகி, இரண்டு பெண்களையும் சியாமளா தனியாக வளர்த்தார். இந்த நாடு என் பெண்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அந்த அடையாளத்தில் பெருமையோடு நிற்கும்படி வளர்த்தார் என்று கமலா தன் நூலில் எழுதியிருக்கிறார். கறுப்பினத்தவரின் தேவாலயத்துக்கும் அனுப்பினார், கோயிலுக்கும் அழைத்துப் போனார், சென்னைக்கும் கூட்டிவந்து பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவோடு நடக்கவிட்டார். எதையும் மறைக்கச் சொல்லவில்லை.

அன்று துளசேந்திரபுரத்தில் வைத்த பேனர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில் அம்மா வழிப் பெருமைதான் இருந்தது. ஜமைக்கா அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதிப் பெண்ணைத்தான் நம் பெண் என்று கொண்டாடினோம். இங்கே இப்படி என்றால் அங்கே 2024 தேர்தலில் எதிர்த்து நின்றவர், இவர் இந்தியரா கறுப்பரா, திடீரென்று கறுப்பராக மாறிவிட்டாரே என்று மேடையில் கேட்டார். இரண்டுமாக ஒருவர் இருக்க முடியும் என்பது அங்கேயும் புரியவில்லை, இங்கேயும் புரியவில்லை.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 2000-ம் ஆண்டு வரை ஒருவர் ஒரு இனத்தைத்தான் குறிக்க முடியும். அந்த ஆண்டுதான் ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்றார்கள். அப்போது சுமார் 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். 2020-ல் அது 3 கோடியே 38 லட்சம். பத்தில் ஒருவர். என் தங்கை மகளும் பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறாள். அரசாங்கம் இரண்டு கட்டம் கொடுத்துவிட்டது. நாம்தான் ஒரே கட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால் நம் வீட்டாருக்கு என் வேண்டுகோள். வரும் தை மாதம் அவர்கள் நாலு பேரும் வருகிறார்கள். குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் பால் நன்றாகக் குடிக்கிறதா, ராத்திரி தூங்கவிடுகிறதா என்று கேளுங்கள். அண்ணனையும் தங்கையையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடாதீர்கள். நல்லது சொல்வதாக நினைத்தும் ஒப்பிடாதீர்கள். தங்கையைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிற்கிற பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் புரியாது என்று நினைக்க வேண்டாம். ஒரு தமிழ்ச் சொல் அவனுக்கு நன்றாகவே தெரியும், நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். மாப்பிள்ளையிடம் அவர் சமைக்கும் மீனைப் பற்றிப் பேசுங்கள், பிரமாதமாகச் சமைப்பார்.

தங்கை மகளிடம் குரூப்பை விட்டுப் போகாதே என்று சொன்னேன். "இருக்கேன் பெரியம்மா. ஆனா யாராவது மறுபடி அப்படி எழுதினா நீங்க சும்மா இருக்கக் கூடாது" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். இந்தப் பதிவு அந்த வாக்குக்குத்தான்.

நேற்று வீடியோ காலில் பையன் வந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தங்கச்சிப் பாப்பா என்ன பண்ணுது என்று கேட்டேன். தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தூங்குது" என்று தமிழில் சொன்னான்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்